‘இன்னும் ஒரு வெயில்’ பாட்டைக் கேட்ட அய்யா எழுதுவது

தாயி பூமயில்,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு முகமில்லை. பதினைந்து நாளாக நீ என்னோடு பேசவில்லை. அம்மாவுக்குப் போன் போடுகிறாய். பக்கத்தில் என் செருமல் கேட்டால், "சரிம்மா, வேலை கெடக்கு" என்று வைத்துவிடுகிறாய். கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா உரிமையும் உண்டு. யார் யாரோ இணையத்தில் வந்த உன் முதல் பாட்டைக் கேட்டு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்த நாளில், பெற்ற தகப்பன் நான் என்ன சொன்னேன்? "பாட்டு நல்லாத்தேன் இருக்கு. ஆனா அதுல ஒரு பொய் இருக்கு, தாயி" என்றேன். "என்ன பொய்யிய்யா?" என்று நீ கேட்டாய். "ஒனக்கே தெரியும்" என்று சொல்லி, போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அதுவும் எப்படி? போன் ஸ்பீக்கரில் கிடந்தது. மிளகாய்ப் பழம் பறித்துவிட்டு வந்த நான்கு பெண்கள் களத்தோரம் டீ குடித்துக்கொண்டு அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேற்று அம்மா ஒரு செய்தி சொன்னாள். வருகிற சனிக்கிழமை ராமநாதபுரத்துக் கல்லூரி விழாவில் நீ பாட வருகிறாயாம். அங்கே மழைச் சரணத்தை எடுத்துவிட்டு வேறு சரணம் பாடப் போகிறாயாம். பாட்டையும் அதேபோல் மறுபடி பதிவு செய்து, பழையதை நீக்கிவிடப் போகிறாயாம். "ஒரு வார்த்தையில கெடுத்து விட்டீகளே, அந்தப் புள்ள மனச" என்றாள் அம்மா. அதனால்தான் சனிக்கிழமைக்கு முன்னால் உன் கைக்குக் கிடைக்கும்படி இதை எழுதுகிறேன். பாட்டு வந்த அன்றைக்கு, "எல்லாரும் விமர்சனம் எழுதுறாக, நீங்களும் ஒண்ணு எழுதுங்கய்யா" என்று விளையாட்டாய்க் கேட்டிருந்தாய் அல்லவா? இதுதான் அது. நான்கு பேர் காதுபடச் சொன்ன சொல்லை நான்கு பேர் படிக்கும்படி எழுதிச் சரிசெய்வதுதான் முறை. யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, எங்கே வேண்டுமானாலும் போடு.

விமர்சனம் எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றே ஒன்று சொல்லலாம். எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. கோயில் திருவிழாவில் கச்சேரிக்கு முன்னால் உட்கார்ந்து தூங்கி வழிந்தவன் நான். ஆனால் மிளகாய் வத்தல் காய்ந்துவிட்டதா என்று காதால் சொல்வேன். கண்ணால் பார்த்தால் நம் குண்டு முண்டு வத்தல் இரண்டாம் நாளே சிவந்து மினுங்கி ஏமாற்றும். ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்ட வேண்டும். உள்ளே விதை கலகலவென்று உருண்டால் மூட்டை பிடிக்கலாம். மொத்தென்று இருந்தால் ஈரம் பாக்கி, மூட்டைக்குள் பூஞ்சை பூத்துப் போகும். அக்கம்பக்கத்துக் களத்துக்காரர்கள்கூட, "அண்ணே, ஒரு தடவ ஆட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிடுவார்கள். அந்தக் காதை நம்பித்தான் எழுதுகிறேன். அந்தக் காது இரண்டு தடவை என்னைக் கவிழ்த்திருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டின் தொடக்கத்தில் வாத்தியம் எதுவும் இல்லை. கலகல, கலகல என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பிறகுதான் உன் குரல் வருகிறது. பாட்டுக்குக் கீழே கருத்து எழுதியவர்களில் ஒருவர், ‘அந்த வெளிநாட்டுக் கிலுகிலுப்பை அருமை’ என்று எழுதியிருந்தார். அம்மா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொங்கலுக்கு வந்தபோது, "நல்லாக் காஞ்ச வத்தலா ஒரு கை குடுங்கய்யா" என்று நீ கேட்டு வாங்கிப் போனது இதற்குத்தான் என்று எங்களுக்கு என்ன தெரியும்? மெட்ராஸில் பிள்ளை குழம்பு வைத்துச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நம் களத்துச் சத்தத்தைப் பாட்டுக்குத் தாளமாக வைக்கலாம் என்று இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் தோன்றியதில்லை. வருஷம் பூராவும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிற எனக்குத் தோன்றியதில்லை.

அடுத்து, நீ பாடுகிற பேச்சு. மெட்ராஸ் போய் ஐந்து வருஷமாகிறது. ஆபீஸில் அந்த ஊர்ப் பேச்சுதான் பேசுவாய். ஆனால் பாட்டில் ‘சொன்னாக’, ‘சிரிச்சாக’ என்றே விட்டிருக்கிறாய். பேரையும் மாற்றவில்லை. ஆறாவது படிக்கும்போது, "எல்லாரும் கேலி பண்றாக, பூமயில் வேணாம், வேற பேரு வைங்க" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நீ. இப்போது பாட்டின் முகப்புப் படத்தின் மேல் அந்தப் பேரையே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு தெருவில் நான்கு வீட்டுக்குப் போய்வந்தாள்.

குறை சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாதாம். அதனால் சொல்கிறேன். இரண்டாவது சரணத்தில் கிட்டார் சத்தம் ஏறி வார்த்தையை முழுங்குகிறது. கல்யாண வீட்டில் பந்திக்காரர் போடுகிற சத்தத்தில் தாலி கட்டும் மந்திரம் கேட்காமல் போகிற மாதிரி இருக்கிறது. நடுவில் ‘ஓ ஓ’ என்று இழுக்கிறாயே, பாதி இழுத்தால் போதும். இன்னொன்று, இது கட்டாயம் திருத்த வேண்டியது. ‘செவந்த பூவு பூத்திருக்கும் மொளகாத் தோட்டம்’ என்று பாடியிருக்கிறாய். மிளகாய்ப் பூ வெள்ளை, தாயி. பழம்தான் சிவப்பு. அந்தத் தோட்டத்தில் நின்று படித்து வளர்ந்த பிள்ளை இப்படிப் பாடினால் ஊருக்குள் என்னைத்தான் கேட்பார்கள். ‘வெளுத்த பூவு’ என்று வைத்துப் பார்த்தேன், மெட்டில் உட்காருகிறது. எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அதை மாற்று.

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன். மழைச் சரணத்தை நீ இப்படிப் பாடியிருக்கிறாய்:

‘இன்னும் ஒரு வெயிலுன்னு அய்யா சொன்னாக,
வானத்துக்குக் கேக்கலையே, வந்திருச்சு மழை.
ஒத்தக் குடைய நான் புடிச்சேன் வத்தலுக்கு மேல,
நனஞ்சுக்கிட்டே நின்னு அய்யா சிரிச்சாக.’

முதல் தடவை இதைக் கேட்டபோது நானும் அம்மாவும் சாயங்கால வெயிலில் களத்தில் வத்தலைக் காலால் கிண்டி விட்டுக்கொண்டிருந்தோம். போன் அம்மாவின் இடுப்பில் இருந்தது. ‘சிரிச்சாக’ என்று நீ முடித்ததும் நான் இன்னும் வேகமாகக் கிண்டினேன். அம்மா, "பாத்தீகளா, ஒங்களத்தேன் பாடுறா" என்று பூரித்துப் போனாள். எனக்கு மட்டும் யாரோ என் சட்டைப் பையில் எனக்குச் சேராத சாமானைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. அந்த மழையில் நான் சிரித்தது நிஜம். ஆனால் அத்தோடு முடியவில்லையே. மிச்சத்தை நீ பாடவில்லை. என்னை நல்லவனாக்கி அங்கேயே நிறுத்திவிட்டாய். அதைத்தான் பொய் என்றேன். மிச்சத்தை இப்போது நானே சொல்கிறேன்.

உனக்கு அப்போது ஏழு வயது. பங்குனி மாதம். களம் நிறைய வத்தல் கிடந்தது. அந்த வருஷம் மாதிரி ஒரு நிறத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மத்தியானம் அம்மா வந்து, "மேக்க கருக்கிக்கிட்டு வருதுங்க, அள்ளிருவமா?" என்று கேட்டாள். பக்கத்துக் களத்தில் அதற்குள் அள்ளிவிட்டார்கள். நான் குனிந்து ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டினேன். சத்தம் வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்றேன். "வானத்தப் பாருங்க" என்றாள் அவள். "எனக்குத் தெரியாதா?" என்றேன். வானத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் வத்தலை ஆட்டிக்கொண்டிருந்தேன். நான் சொன்னால் நான்கு களம் கேட்கும் என்கிற தலைக்கனம்தான், வேறொன்றுமில்லை. காதை நம்பிக் கவிழ்ந்த முதல் தடவை அது.

அரை மணி நேரத்தில் அடித்துப் பெய்தது. தார்ப்பாய், சாக்கு, அம்மாவின் சேலை, என் வேட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினோம். மூடிய இடம் கொஞ்சம், மூடாத இடம் அதிகம். அப்போது நீ வீட்டுக்குள்ளிருந்து என் கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். ஒரு கம்பி ஒடிந்த குடை. அதை விரித்து, வத்தல் மேல் பிடித்துக்கொண்டு, நீ தொப்பலாக நனைந்தபடி நின்றாய். அவ்வளவு பெரிய களத்துக்கு ஒரு குடை. "இங்கன நனையாதுய்யா, நான் பாத்துக்கிறேன்! நீங்க அங்கன போங்க" என்று கத்தினாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். கொட்டுகிற மழையில் மூன்று பேரும் நின்று சிரித்தோம். அதுவரை உன் பாட்டு நிஜம்.

மறுநாள் காலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. வத்தலை மறுபடி விரித்தேன். பத்து மணிக்கெல்லாம் அங்கங்கே வெளுக்கத் தொடங்கிவிட்டது. சிலது கறுத்தது. கையில் எடுத்து ஆட்டினால் ஒன்றிலும் சத்தமில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதுவுமே பேசவில்லை. அந்த நேரத்தில் வாசல்படியில் கலகல என்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் நீ. காலியான பவுடர் டப்பாவுக்குள் வத்தலைப் போட்டு ஆட்டிக்கொண்டு, மழை பெய்ததைப் பற்றி நீயாகக் கட்டிய பாட்டொன்றைப் பாடிக்கொண்டிருந்தாய். முந்தின நாள் மழைக்கு முன்னாலேயே விளையாட எடுத்து வைத்திருந்த வத்தல் அது. வீட்டில் நனையாமல் மிஞ்சியது அவ்வளவுதான். நான் எழுந்து வந்தேன். "ஏ, நிப்பாட்டு! வீடே எழவு விழுந்த மாதிரி கெடக்கு, ஒனக்குப் பாட்டுக் கேக்குதோ?" என்று டப்பாவைத் தட்டிவிட்டேன். அது சுவரில் மோதி மூடி கழன்று, வத்தல் படியெல்லாம் சிதறியது. உன் கையிலும் அடி பட்டிருக்கும். நீ அழவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாய். அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அன்றைக்கு அதையே அரைத்துக் குழம்பு வைத்தாள்.

என்னுடைய பிழைக்கு உன்னைத் தட்டினேன், தாயி. அள்ளச் சொன்னவள் அம்மா, மறுத்தவன் நான், அடி வாங்கியது உன் டப்பா. ஊருக்குப் பயந்து, வானத்தைத் திட்ட முடியாமல், ஏழு வயதுப் பிள்ளையிடம் வீரத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு நீ என் முன்னால் பாடியதே இல்லை. துணி துவைக்கும்போது பாடுவாய், வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பாட்டு நின்றுவிடும். முதல் ஒன்றிரண்டு வருஷம் நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு, பாடு என்று சொல்ல வாய் வரவில்லை. சில நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்து, மாட்டுக் கொட்டகையில் நின்று கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நீ பரிசு வாங்கியபோதெல்லாம் நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்தாவது முடிக்கட்டும், வேலைக்குப் போகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இன்னும் ஒரு வெயில், இன்னும் ஒரு வெயில் என்று பத்தொன்பது வருஷம். உன் பாட்டுக்கு நீ வைத்த பேரைக் கேட்டதும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அதனால்தான்.

இப்போது போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். உன் தாத்தாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனேன். அம்மாவுக்குக் கால் வீக்கம், வரவில்லை. வாடகைக்கு ஒரு கார் பிடித்தேன். ஓட்டி வந்தவர் கீழக்கரைக்காரர், துபாயில் ஆறு வருஷம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், முப்பது வயதிருக்கும். நல்ல மனுஷன், வழியெல்லாம் பேச்சு. பாம்பன் பாலம் ஏறியதும் காற்று அறைகிறது என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார். வண்டிக்குள் சட்டென்று அமைதியானது. "ஒரு பாட்டுப் போடவா மாமா? நம்ம பக்கத்துப் புள்ள பாடுனதாம், போன்ல வந்துச்சு" என்று கேட்டுவிட்டுப் போட்டார். கலகல, கலகல. என் மகள் என்று சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. என்னோடு பேசாமல் இருக்கிற மகளை என் மகள் என்று எப்படிச் சொல்வது?

பாலத்தின் உச்சியில் மழைச் சரணம் வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். "இங்கன கேளுங்க மாமா. மழை வருதுன்னு சொன்ன ஒடனே அந்தக் கலகல சத்தம் நின்னுரும். மொத தடவ கேட்டப்ப, இந்தப் பக்கத்து ஸ்பீக்கர்தேன் போயிருச்சுன்னு நெனச்சு, எறங்கி வயரெல்லாம் பாத்தேன். அப்பறந்தேன் வெளங்குச்சு, வேணும்னேதேன் நிப்பாட்டியிருக்கு. ஏன்னு தெரியல. ஆனா அந்த எடத்துல நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருது மாமா."

நான் கேட்டேன். மழை வந்தது, சத்தம் நின்றது. ‘அய்யா சிரிச்சாக’ என்று நீ பாடும்போது கீழே ஒன்றுமே இல்லை. வெறும் குரல். அதற்குப் பிறகு பாட்டு முடிகிற வரைக்கும் அந்தக் கலகலப்பு திரும்பி வரவே இல்லை. நீ மட்டும் தனியாகப் பாடிக்கொண்டு போகிறாய். நனைந்த வத்தலில் சத்தம் வராது என்று அந்தக் காரோட்டிக்குத் தெரியாது. தட்டிவிட்ட டப்பாவிலும் சத்தம் வராது என்று இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் நீ பாட்டுக்குள் வைத்திருக்கிறாய். வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிட்டு, மிச்சத்தைச் சத்தமில்லாமல் சொல்லியிருக்கிறாய். காதுக்குப் பேர் போன நான் அதைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை தெரியுமா? முதல் தடவை நாங்கள் காய்ந்த வத்தலைக் காலால் கிண்டிக்கொண்டே கேட்டோம் அல்லவா? உன் பாட்டில் சத்தம் நின்றபோது என் காலடியில் நிஜ வத்தல் கலகலத்துக்கொண்டிருந்தது. பாட்டில் நின்றது எனக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது தடவையாகக் காது கவிழ்த்தது அங்கேதான். அரைகுறையாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்ன கூமுட்டை நான்.

அக்கினி தீர்த்தக் கரையில் திதிக்கு உட்கார்ந்திருந்தபோது ஐயர் இரண்டு தடவை என் அப்பா பேரைக் கேட்டாராம். நான் உன் சரணத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம். "மந்திரம் நான் சொல்றேன், நீங்க பேரை மட்டும் சொல்லுங்கோ" என்று அலுத்துக்கொண்டார். திரும்பும்போது காரோட்டியிடம் அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னேன். மண்டபம் வருவதற்குள் மூன்று தடவை ஓடியது. அதற்குப் பிறகுதான், "இது என் மக பாடுனது தம்பி" என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அந்தச் சிரிச்ச அய்யா நீங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், ஏதோ புதையல் எடுத்தவன் மாதிரி. அவள் புளியைக் கரைத்துக்கொண்டே, "அத நான் மறுநாளே கேட்டுட்டேன்" என்றாள். "பெறகு ஏன் சொல்லல?" என்றேன். "அன்னைக்கு மேக்க கருக்குதுன்னு சொன்னேன், கேட்டீகளா?" என்றாள். இதில் உனக்கு ஒரு புத்திமதி உண்டு. நாளைக்கு நீ எந்த வீட்டில் யாரோடு வாழ்ந்தாலும், பக்கத்தில் இருப்பவர் வானத்தைக் காட்டினால் நிமிர்ந்து பார். உனக்குத் தெரிந்த வித்தையைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருக்காதே. இதை உன் கையில் கொடுக்க எனக்கு அறுபத்தொரு வயதாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பாட்டுக்காரிக்கு. ஒருவன் ஒரு தடவை கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னான் என்பதற்காகச் சரணத்தை வெட்டாதே. அவன் பெற்ற தகப்பனாகவே இருக்கட்டும். அவன் என்ன வேலை செய்துகொண்டே கேட்டான் என்று முதலில் விசாரி. பூ வெள்ளையா சிவப்பா என்று சொன்னால் கேட்டுக்கொள், அது அவனுக்குத் தெரியும். உனக்கு உள்ளே எது வலித்தது, எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொன்னால் கேட்காதே, அது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லையே. நான் தட்டிவிட்டதை நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன், இல்லை. மறக்காமல் வைத்துக்கொண்டும் என்னைச் சிரிக்கிறவனாகவே பாடினாய். ஊர் முன்னால் உன் அய்யாவை விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் போய்ப் பொய் என்றேன். மன்னிச்சிரு தாயி. டப்பாவுக்கும் சேர்த்து.

மழைச் சரணம் அப்படியே இருக்கட்டும். ஒரு எழுத்தும் மாற்றாதே. டீ குடித்துக்கொண்டிருந்த அந்த நான்கு பெண்களிடமும் போய், நான் சொன்னது தப்பு, பாட்டில் பொய் இல்லை என்று சொல்லிவிட்டேன். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே" என்றார்கள்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வருகிறது. பிரித்தால் ஒரு பவுடர் டப்பா இருக்கும். உள்ளே இந்த வருஷத்து வத்தல், முப்பது. ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்துத்தான் போட்டிருக்கிறேன், எல்லாம் பேசும். சனிக்கிழமை மேடையில் அதையே ஆட்டு. நானும் அம்மாவும் முன்வரிசையில் இருப்போம். நேரத்தோடு வந்து, உனக்குக் கேட்கும்படி வாசலில் செருப்பைக் கழற்றுவேன். அந்தச் சத்தம் கேட்டு நிறுத்திவிடாதே. மழை வருகிற இடத்தில் டப்பாவை மெல்லக் கீழே வை. இந்தத் தடவை யாரும் தட்டிவிட மாட்டார்கள், நீயாக வை. வைத்துவிட்டுப் பாடு, தாயி. அன்றைக்குப் படியில் நான் பாதியில் நிறுத்திய பாட்டின் மிச்சத்தைக் கேட்கத்தான் வருகிறேன்.

உன் அய்யா